மேடைக்கு அடியில் அறுந்திருந்த கம்பி

போன ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலையில் என் மருமகள் பூங்கொடியைக் கிரைண்டர் பிடித்துக்கொண்டது.

அன்று எங்கள் வீட்டில் கூழ் ஊற்றுகிற நாள். சமையலறைத் தரை முழுக்க ஈரம். பூங்கொடி தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, கையில் காப்போடு வடைக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் இருந்தேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. மனிதக் குரல் போலவே இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். அவள் கை கிரைண்டர் விளிம்பில் ஒட்டியிருந்தது. உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. கூடத்தில் இருந்த பேத்தி யாழினி அம்மாவைப் பார்த்துத் தவழ்ந்து அந்த ஈரத்துக்கு வந்துகொண்டிருந்தாள்.

நான் குழந்தையைத் தூக்கினேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மெயின் சுவிட்ச் எந்தச் சுவரில் இருக்கிறது என்றுகூட மறந்துபோனது. "தாயே, வுட்டுடு" என்று கத்தினேன்.

கரண்ட் போனது. பூங்கொடி தரையில் விழுந்தாள்.

எங்கள் தெருவில் கரண்ட் அடிக்கடி போகும். அது எல்லோருக்கும் தெரியும். அன்று, அந்த நேரத்தில் போனதை மாரியம்மன் செய்தாள் என்று நான் நம்புகிறேன். என் வீட்டுக்காரர் அதை ஒப்புக்கொள்வதும் இல்லை, மறுப்பதும் இல்லை.

என் பெயர் தனலட்சுமி. கள்ளக்குறிச்சியில் கருணாபுரத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறோம். வீட்டுக்காரர் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். ஒரே மகன் பெங்களூரில் வேலை செய்கிறான். மருமகள் பூங்கொடி கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பெண். நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. நம் வெள்ளிக்கிழமை அம்மன் வழிபாட்டில் அனுபவம் சொல்லும் முறை என்னிடம் வரும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரைக் காட்டிவிடுவேன். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன். யாராவது படித்துக் காட்டுங்கள்.

கிரைண்டர் அன்றைக்குத்தான் முதன்முதலில் அடித்தது என்று சொல்ல முடியாது. ஒரு வருடமாகவே தொட்டால் லேசாக ஜிவ்வென்று இருக்கும். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். அதற்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் கிரைண்டர் பக்கத்திலேயே போட்டு வைத்திருந்தோம். மாவு அரைக்கிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு அரைப்பார்கள். ஆடியில் காப்புக் கட்டிவிட்டால் செருப்புப் போடக் கூடாது. விரதம் தொடங்கிய அன்றே அந்தச் செருப்பையும் கழுவிப் பரண்மேல் வைத்துவிட்டோம். பூங்கொடி வெறுங்காலோடு நின்றாள். யாரும் அதை யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். இருதயத்துக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். உள்ளங்கையில் மட்டும் தோல் கருகியிருந்தது. அங்கிருந்து அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவள் அம்மா வந்து, அவளையும் குழந்தையையும் நேராக மலைக்குக் கூட்டிப்போய்விட்டார்.

ஆவணி பிறந்ததும் போன் செய்தேன். அவள் கோபமாகப் பேசவில்லை.

"அத்த, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க என்ன நல்லாத்தான் வெச்சினு இருந்தீங்க. ஆனா அந்த வூட்டுக்குப் புள்ளயத் தூக்கினு வர மாட்டேன். அது இப்பதான் எதையாச்சும் புடிச்சிக்கினு நிக்குது. கைக்கு எட்டறதயெல்லாம் தொடுது."

"ஆளக் கூப்ட்டு பாத்துடறோம்மா."

"பாருங்க. பாத்துட்டு சொல்லுங்க."

ஆள் கூப்பிட்டோம். முதலில் வந்தவர் கிரைண்டரில்தான் கோளாறு என்று அதன் ஒயரை மாற்றினார். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் அடித்தது. அடுத்து வந்தவர் வீட்டு ஒயரிங் முழுவதையும் பிடுங்கிப் போட வேண்டும் என்றார். மூன்றாவதாக ஒருவர் வந்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார், எரியவில்லை. கிரைண்டர்மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாம்மா, நான் தொட்டுக்கினு நிக்கிறேன் பாரு. ஒண்ணும் இல்ல. பயமா இருந்தா செருப்பு போட்டுக்கினு அரைங்க."

அவர் போன பிறகு சாயந்தரம் என் வீட்டுக்காரருக்கு அடித்தது.

மகன் பெங்களூரிலிருந்து பேசினான். தை மாதத்துக்குப் பிறகு அங்கேயே ஒரு வீடு பார்த்து இரண்டு பேரையும் அழைத்துக்கொள்கிறேன் என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. சரி என்றேன். போனை வைத்த பிறகு வீடு வீடாகவே இல்லை. குழந்தையின் தூளி கட்டிய கயிறு உத்திரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் அடியில் சிமெண்ட் மேடை. பூங்கொடி உண்டாகியிருந்தபோது, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் அம்மாவுக்கு மேடை கட்டுகிறேன் என்று என் வீட்டுக்காரரின் அக்கா காசியம்மாள் வேண்டிக்கொண்டார். பிரசவம் வரை பொறுக்காமல் அந்த ஆடியிலேயே கொத்தனாரை வைத்துக் கட்டியும் முடித்தார். அவர் அடுத்த தெருவில் இருக்கிறார். ஆடியில் கலசம் வைப்பது அந்த மேடைமேல்தான். தினமும் சாயந்தரம் அங்கே விளக்கு வைப்பது என் வேலை.

நான் பெரிதாக எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. என் மருமகளும் பேத்தியும் வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு, "எங்க ஒளிஞ்சினு இருக்குதுன்னு காட்டு தாயே" என்று மட்டும் தினமும் கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

புரட்டாசியில் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் தலைவி ஒரு செய்தி சொன்னார். ஊருக்கு வெளியே இருக்கும் பயிற்சி மையத்தில் இலவசமாகக் குறுகிய காலப் பயிற்சிகள் தொடங்குகின்றனவாம். தையல், ஆரி வேலை, ஆடு வளர்ப்பு என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியாக, "வீட்டு மின்சார வேலை, பொம்பளைங்களும் வரலாமாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"யாரு போறீங்க? கம்பத்துல ஏறணும்."

"பொடவையோட ஏறினா ஊரே வேடிக்க பாக்கும்டீ."

நான் சிரிக்கவில்லை. தினமும் நான் கேட்கிற கேள்விக்கு யாரோ பதில் சொன்னது போல இருந்தது. அங்கேயே கையைத் தூக்க எனக்குத் தைரியம் இல்லை. கூட்டம் கலைந்த பிறகு தலைவி வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய் மெதுவாகச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்கா, நீங்களா?" என்றார். பெயரை எழுதிக்கொண்டார்.

பயிற்சி ஒரு மாதம். எங்கள் வகுப்பில் பெண்கள் சிலர்தான். அவர்களிலும் நான்தான் மூத்தவள். சொல்லிக்கொடுத்த சார் என் மகனைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். முதல் நாளே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்.

"இந்தப் பயிற்சி முடிச்சா ஒரு சான்றிதழ் குடுப்போம். அத வெச்சிக்கினு யாரும் கம்பத்துல கை வெக்கக் கூடாது, மீட்டருல கை வெக்கக் கூடாது. சுவிட்சு, பிளக்கு, ஃபேனு, லைட்டு, இந்த மாதிரி வூட்டுக்குள்ள சின்ன வேலதான். அதுவும் மெயின ஆஃப் பண்ணிட்டு. புது ஒயரிங், எர்த்து இதெல்லாம் லைசென்ஸ் இருக்கற வயர்மேன் கூட நின்னுதான் செய்யணும். ஒரு மாசத்துல யாரும் எலக்ட்ரீஷியன் ஆவ முடியாது. எத தொடக் கூடாதுன்னு கத்துக்கினாலே பாதி பாஸு."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் கை ஒத்துழைக்கவில்லை. கரண்டே இல்லாத மரப்பலகையில் சுவிட்சை மாட்டும்போதும் என் கை நடுங்கும். ஸ்க்ரூ கீழே விழும். கண்ணை மூடினால் பூங்கொடியின் முகம் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தியாகதுருகத்துப் பெண் ஒருத்தி, "அக்கா, பலக உங்கள ஒண்ணும் பண்ணாது, அது செத்துப்போன மரம்" என்பாள். எனக்கும் சிரிப்பு வரும். சிரித்தால் நடுக்கம் கொஞ்சம் கம்மியாகும். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் மனதுக்குள் அம்மா பெயரைச் சொல்லிக்கொண்டுதான் முடுக்கினேன். மெதுவாகச் செய்தேன். எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் செய்தேன்.

மூன்றாவது வாரத்தில் எர்த் பாடம் நடந்தது. பிளக்கில் மேலே பெரிதாக ஒரு ஓட்டை இருக்கும். அது எதற்கு என்று அதுவரை எனக்குத் தெரியாது. சார் விளக்கினார்.

"கரண்டு வழி தவறி மெஷின் பாடியில ஏறிட்டா, அது மண்ணுக்குப் போறதுக்கு ஒரு வழி வேணும். அந்த வழிதான் எர்த்து. வூட்டுல இருக்கற எல்லா பெரிய ஓட்டையும் ஒரே கம்பியில சேந்து மண்ணுக்குள்ள எறங்கும். நடுவுல அந்தக் கம்பி அறுந்துபோச்சுன்னா இன்னா ஆவும்? எங்கயோ ஒரு மெஷின்ல கசியற கரண்டு அதே கம்பி வழியா இன்னொரு மெஷினுக்கு வந்து நிக்கும். யாரு வெறுங்காலோட தொடறாங்களோ அவங்க காலு வழியா மண்ணுக்குப் போவும்."

கேள்வி கேட்கிற பழக்கமே இல்லாத நான் எழுந்து நின்றுவிட்டேன். என்ன கேட்பதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். வகுப்பு முடிந்ததும் சாரிடம் தனியாகப் போய் எங்கள் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு குண்டு பல்பில் இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லாம்ப்பைக் கொடுத்தார். பல்பை எப்படி வைத்துப் பார்ப்பது என்று பலகையில் இரண்டு முறை செய்துகாட்டி, என்னையும் செய்யச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். பிளக்கின் கீழ் ஓட்டைகள் இரண்டிலும் வைத்தால் பல்பு நன்றாக எரிந்தது. கரண்ட் வரும் ஓட்டையிலும் மேலே இருக்கும் பெரிய ஓட்டையிலும் வைத்தேன். எரியவில்லை. அடுத்த பிளக்கிலும் எரியவில்லை. வீட்டில் ஒரு பிளக்கிலும் எரியவில்லை.

சாருக்குப் போன் செய்தேன். "அந்தக் கம்பி வெளிய எங்க போயி மண்ணுல எறங்குதுன்னு பின்னாலயே போயி பாருங்கம்மா" என்றார். மீட்டர் பலகையிலிருந்து ஒரு தடித்த கம்பி சுவரைத் துளைத்து வெளியே வந்தது. பக்கச் சுவரில் இறங்கியது. வேப்பமரத்துப் பக்கம் வந்து, அம்மாவின் மேடைக்குள் போய் மறைந்தது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வீடு கட்டியபோது அந்த மூலையில் கரண்டுக்காரர் ஒரு குழாய் புதைத்தது என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழைய அடிபம்புக் குழாய் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். மேடை கட்டிய பிறகுதான் கிரைண்டர் ஜிவ்வென்று இருக்க ஆரம்பித்தது. அதையும் அன்றுதான் சேர்த்துப் பார்த்தோம். கம்பி உள்ளே அறுந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் மேடையை உடைக்க வேண்டும். வேறு இடத்தில் குழி போடவும் வழியில்லை. எங்கள் வீட்டைச் சுற்றி மண் என்று இருப்பது அந்த மரத்தடி மட்டும்தான், அதையும் மேடை மூடியிருந்தது. மற்ற பக்கமெல்லாம் சந்தும் சாக்கடையும் பக்கத்து வீட்டுச் சுவரும்.

காசியம்மாள் அண்ணியிடம் சொன்னோம். அவர் கும்பிட்ட கையோடு கத்தினார்.

"இன்னாடி தனம், படிச்சிட்டு வந்துட்டேன்னு அம்மா மேடையவே உடைக்கிறியா? அன்னிக்கு கரண்ட நிறுத்தி உம் மருமவளக் காப்பாத்துனது யாரு? இந்த மேடையில இருக்கறவதான!"

"ஆமாங்க அண்ணி."

"அப்பறம்?"

அவர் சொன்னதையே நானும் நம்பினேன். என் வீட்டுக்காரர்தான் இடையில் பேசினார்.

"அக்கா, அவ ஒண்ணும் ஆசப்பட்டு உடைக்கல. புள்ள வூட்டுக்கு வரணும். நீ வேணும்னா அம்மாவையே கேளு."

பூ கேட்பது என்று முடிவானது. கார்த்திகை வெள்ளிக்கிழமை. மேடைமேல் கலசம் வைத்து, ஈர மஞ்சளைத் தடவி, இரண்டு பக்கமும் பூ ஒட்டினோம். வலப்பக்கப் பூ விழுந்தால் செய்யலாம், இடப்பக்கப் பூ விழுந்தால் கூடாது. அண்ணிதான் கேட்டார். "தாயே, ஒம் மேடைய உடைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடி நின்றார்.

எந்தப் பூவும் விழவில்லை. நேரம் போனது. மஞ்சள் காய ஆரம்பித்தது. என் வீட்டுக்காரருக்கு மில்லுக்குப் போக நேரமாகிவிட்டது.

"நீ போட்ட சத்தத்துல பூவே பயந்துக்கினு ஒட்டிக்கினு இருக்குதுக்கா" என்றார்.

"வாய மூடுடா. அம்மா எதிர்ல இன்னா பேச்சு!"

அண்ணி மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தனம், நாம கேட்டதுதாண்டி தப்பு. ஒம் மேடைய உடைக்கட்டுமான்னு கேட்டா எந்தத் தாயி பதில் சொல்லுவா? கோயில்ல வேல நடந்தா இன்னா செய்றாங்க? சாமியக் கலசத்துல எறக்கி வேற எடத்துல வெச்சிட்டுத்தான செய்றாங்க. அப்டி கேப்போம். நீயே கேளு. ஒம் வூடு."

கலசத்தின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டேன். "தாயே, கொஞ்ச நாளு எங்க வூட்டுக்குள்ள வந்து இருக்கறியா?"

வலப்பக்கப் பூ விழுந்தது.

மஞ்சள் காய்ந்ததால் விழுந்தது என்று யாராவது சொன்னால் நான் சண்டை போட மாட்டேன். இடப்பக்கப் பூவும் அதே மஞ்சளில்தான் இருந்தது, அது விழவில்லை என்பதை மட்டும் சொல்லுவேன்.

கலசத்தை அண்ணிதான் இரண்டு கையாலும் தூக்கி வந்து எங்கள் கூடத்தில் வைத்தார். மறுநாள் சார் தனக்குத் தெரிந்த வயர்மேன் ஒருவரை அனுப்பினார். லைசென்ஸ் உள்ளவர். மெயினை ஆஃப் செய்துவிட்டு மேடையின் ஒரு மூலையை மட்டும் உடைத்தோம். உள்ளே குழாய் அப்படியே இருந்தது. கம்பி மட்டும் ஒரு முழம் அளவுக்கு வெட்டி மடக்கப்பட்டு, சிமெண்டுக்குள் புதைந்து கிடந்தது. மேடை சதுரமாக வருவதற்காகக் கொத்தனார் அதை வெட்டியிருக்க வேண்டும். அது இன்னது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

வயர்மேன் புதுக் கம்பி போட்டு முடுக்கினார். குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் போட்டு நான் தண்ணீர் ஊற்றினேன். இப்போது டெஸ்ட் லாம்ப் பெரிய ஓட்டையில் எரிந்தது. பிறகு மெயின் பலகையில் டிரிப்பர் என்ற ஒன்றையும் மாட்டினார். எங்காவது கசிவு இருந்தால் அது தானாகவே விழுந்து கரண்டை நிறுத்திவிடும். இப்போது டெஸ்ட் லாம்ப் பெரிய ஓட்டையில் எரிந்தது.

அவர் தண்ணீர் மோட்டாரைப் போடச் சொன்னார். தெருக்குழாய்த் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றுகிற சின்ன மோட்டார் அது. போட்டதும் டிரிப்பர் விழுந்தது. மறுபடி போட்டாலும் விழுந்தது. கசிவு இருந்த இடம் மோட்டார்தான். மோட்டார் ஓடும்போது மட்டும் கிரைண்டர் அடித்திருக்கிறது. பூங்கொடிக்கு அடித்த அன்றும் கூழுக்காக மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வந்து பார்த்த மூன்று பேரும் மோட்டார் நின்றிருந்தபோது வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மோட்டாரைச் சரி செய்தோம். மேடையின் மூலையை, குழாய் வாய் தெரியும்படி விட்டுக் கட்டினோம். அண்ணி நல்ல நாள் பார்த்து அம்மாவை மறுபடி மேடைக்கு ஏற்றினார்.

பூங்கொடிக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "சரிங்க அத்த" என்றாள். அவ்வளவுதான். வருகிறேன் என்று சொல்லவில்லை. தை பிறந்தது. மகன் பெங்களூரில் வீடு பார்க்க ஆரம்பித்திருந்தான்.

பொங்கல் கழிந்து நானே கிளம்பினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, என்ன பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். கரியாலூரில் இறங்கிய குளிரில் எல்லாம் மறந்துவிட்டது. பூங்கொடி நன்றாகத்தான் உபசரித்தாள். சுடச்சுட மரவள்ளிக்கிழங்கு வேக வைத்துக் கொடுத்தாள். யாழினி நடக்க ஆரம்பித்திருந்தாள். என்னைப் பார்த்து முதலில் அழுதாள், பிறகு என் பையை இழுத்தாள். நான் வந்த விஷயத்தை எடுக்கவே முடியவில்லை. அவளும் கேட்கவில்லை.

யாழினி சுவரைப் பிடித்துக்கொண்டு மிக்சி இருந்த மேசைப் பக்கம் போனாள். என்னையறியாமல் எழுந்து பையிலிருந்து டெஸ்ட் லாம்ப்பை எடுத்தேன். பிளக்கில் வைத்துப் பார்த்தேன். கீழே எரிந்தது. மேல் ஓட்டையில் எரியவில்லை.

"இன்னாத்த?" என்றாள் பூங்கொடி.

"இங்கயும் எர்த்து இல்லம்மா."

அவள் அம்மா சிரித்தார். "எங்க வூட்டுல ஒரு நாளும் அடிச்சது இல்லயே சம்மந்திம்மா."

"நல்லதுங்க. எப்பவும் அடிக்காமலே இருக்கட்டும். குழி ஒண்ணு போட்டுடலாம்."

வீட்டுக்கு வா என்று அழைக்கப் போனவள், குழி தோண்ட ஆரம்பித்தேன். மலை மண். மேலே மெத்தென்று இருந்தாலும் ஒரு முழத்துக்குக் கீழே கல். பாத்திரம் கழுவும் தண்ணீர் போய்ச் சேருகிற இடம்தான் ஈரமாக இருந்தது. அங்கே தோண்டினோம். பூங்கொடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டாள். அவள் உள்ளங்கையில் தழும்பு இருந்தது. அதை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவள்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள். கரி எதுக்கு, உப்பு எதுக்கு, வெய்யக் காலத்துல காஞ்சிட்டா இன்னா ஆவும். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்குச் சாருக்குப் போன் செய்தேன்.

மறுநாள் வெள்ளிமலையிலிருந்து ஒரு வயர்மேன் வந்து குழாயை இறக்கி இணைப்புக் கொடுத்தார். நான் லாம்ப்பைப் பிளக்கில் வைக்கப் போனேன்.

"நான் வெக்கறேன் அத்த" என்றாள் பூங்கொடி.

அவள் கை நடுங்கியது. என் கை நடுங்கியது போலவே நடுங்கியது. பக்கத்தில் நின்றேன். பல்பு எரிந்தது. அவள் அதை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வூட்டுலயும் இப்டிதான் எரிஞ்சுதா?"

"இதவிட நல்லா எரிஞ்சுதும்மா. அங்க மண்ணு ஈரம் ஜாஸ்தி."

அவள் லாம்ப்பை எடுத்து ஒயரைச் சுற்றி என் பையில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "நாளைக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு அத்த?"

நான் வெளியே போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதால் அவள் பார்த்துவிடுவாள் என்று கூச்சமாக இருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து தவழ்ந்து போன குழந்தை, பஸ் ஸ்டாண்டிலிருந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

நான் அம்மாவிடம் கேட்டது ஒரு இடத்தைக் காட்டச் சொல்லித்தான். அவள் என்னை ஒரு வகுப்பில் உட்கார வைத்தாள். அண்ணியின் வாயால் வழி சொன்னாள். நான் பேச முடியாமல் நின்ற இடத்தில் என் கைக்கு வேலை கொடுத்தாள். இப்போது மின்கம்பி உதவியாளர் தகுதித் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு இன்னும் அனுபவம் வேண்டுமாம். எங்கள் மேடையை உடைக்க வந்த வயர்மேனிடமே உதவிக்குப் போய்வருகிறேன். தேர்ச்சி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அம்மாவுக்கு நன்றி.

உங்களில் பலருக்குப் பலவிதமான கஷ்டம் இருக்கும். அம்மாவிடம் சொல்லுங்கள். ஒரு விதமாகக் கேட்டுப் பதில் வராவிட்டால், வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள். அவள் தரும் உதவி நாம் நினைத்த உருவத்தில் வராமல் இருக்கலாம். வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

இந்த ஆடிக்குக் காப்புக் கட்டி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், உங்கள் வீட்டுப் பிளக்கின் மேல் ஓட்டையை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். பார்க்க ஆள் இல்லாதவர்கள் சொல்லி அனுப்புங்கள். பூங்கொடியும் நானும் வருகிறோம். அவள்தான் பேசுவாள்.